வாசலில் சாத்தி வைத்த கலிப்பர்

சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலைச் சூம்பச் செய்துவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல் வார்களும் கொண்ட கலிப்பரைப் பூட்டினால்தான் என்னால் நிற்க முடியும். அதன் அடியில் பாதத்துக்கான ஒரு சப்பாத்தும், கழற்ற முடியாத காலணியாக, சேர்ந்தே இருக்கும். அந்தச் சப்பாத்துத்தான் எனக்கு வினையாக வந்தது.

1991ஆம் ஆண்டு. அம்மா காலமாகிவிட்டார். அண்ணை ஜெர்மனியில். வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், வீட்டில் நான் தனியே. கைத்தையல் மெசின் சத்தத்தைத் தவிர வேறு பேச்சுத்துணை இல்லை. ஞாயிறு ஜெபவீட்டுக்குப் போகலாம் என்ற ஒரே எண்ணத்தில் மற்ற நாட்களைக் கடத்துவேன்.

அங்கேயும் தனிமைதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் இருப்பது எங்கள் வழக்கம். எல்லாவற்றையும் முன்னின்று பார்க்கும் ரத்தினம் அக்கா என்னை வாசலிலேயே மறித்துவிடுவார்.

"பிள்ளை, உந்தச் சப்பாத்தோடை உள்ளுக்கை வராதையும். ஆண்டவற்றை இடமெல்லே."

கலிப்பரைக் கழற்றி வாசலில் சாத்திவிட்டு, எல்லோரும் பார்க்க, கையூன்றி அரக்கி அரக்கிச் சுவரோரம் போவேன். எனக்கு ரோசம் அதிகம். ஒருவரிடமும் உதவி கேட்கமாட்டேன். ஒருவரும் தரவும் இல்லை.

அந்த மாரிகாலத்து ஞாயிறு, பாட்டின் நடுவே குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. பின்வளவில் பதுங்கிக்கொள்ளப் பங்கர் குழி வெட்டியிருந்தார்கள். சனமெல்லாம் எழும்பி ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் பாய்களும் பாட்டுப் புத்தகங்களும் நானும் மட்டும் மிஞ்சினோம். என் கால் வாசலில் நின்றது.

முதல் குண்டு பக்கத்து வயலில் விழுந்தது. கூரை ஓடு பொலபொலவென்று உதிர்ந்தது. பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. நான் வரவில்லை என்று பங்கரில் ஒருவரும் தேடப் போவதில்லை. விம்மி விம்மி ஜெபித்தேன்.

"ஆண்டவரே, நான் காலைக் கேக்கேல்லை. உயிரைக்கூடக் கேக்கேல்லை. என்னைத் தேடி ஒராள் வரட்டும்."

வாசலில் ரத்தினம் அக்கா நின்றார். கையில் என் கலிப்பர். செருப்பைக் கழற்றாமலே, சேற்றோடு பாயை மிதித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இதை எப்பிடிப் பிள்ளை பூட்டிறது?"

"நேரமில்லை அக்கா, நீங்கள் போங்கோ."

"சும்மா இரும். எது முன்பக்கம்?"

வார்களை மாற்றி மாற்றிப் பூட்டினார். அடுத்த குண்டு விழ, என்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். நாங்கள் பங்கருக்குப் போகவேயில்லை. இரைச்சல் அடங்கும் வரை சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தோம்.

"ஓடேக்கை வாசலிலை இது சாத்தியிருந்ததைக் கண்டனான் பிள்ளை. அதுக்கு அங்காலை என்னாலை போகேலாமல் போச்சு," என்று சொல்லி அழுதார். நான் வெட்கப்பட்டுக் கழற்றி வைத்ததைக் காட்டித்தான் கர்த்தர் அவரைத் திருப்பியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு சாக்கு விரித்திருந்தது. ரத்தினம் அக்கா குனிந்து, என் சப்பாத்துச் சேற்றை ஈரத்துணியால் துடைத்தார்.

"வாரும் உள்ளை," என்றார். நான் நடந்து போனேன்.

அன்பானவர்களே, என் கால் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஞாயிறு மத்தியானத்தில் நான் தனியே சாப்பிடுவதில்லை. துணையில்லை என்று அழுகிறவர்கள் ஆண்டவரிடம் கூசாமல் கேளுங்கள். யாரை அனுப்புவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். என்னைத் தெரிவு செய்ய விட்டிருந்தால், ரத்தினம் அக்காவை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.