கிழக்கு முனையில் பொன்னுலிங்கம்

அஞ்சுகிராமத்துக்கு வடக்கே, ஒரு பாறைக்குன்றின் அருகில், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் தனியார் பள்ளி இருந்தது. ஒரே ஓடுபாதை, தொள்ளாயிரம் மீட்டர். மேற்கு முனையில் ஒரு ஷெட். கிழக்கு முனையில் பொன்னுலிங்கம்.

அவர் வேலைக்குப் பெயர் காவலாளி. செய்தது வேறு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பேயாய் இறங்கும். விமானங்கள் கிழக்கிலிருந்து அதை எதிர்த்து வந்து இறங்கும். எதிர்க்காற்று இறக்கைக்குத் தாங்கல். ஆனால் காற்று வடமேற்காகக் கொஞ்சம் திரும்பினால், குன்றின் மறைவு கிழக்கு முனையில் விழும். சுற்றிலும் பனையோலைகள் கிழிய, அந்த ஐம்பது தப்படிக்குள் மட்டும் புல்கூட அசையாது. அங்கே நுழையும் விமானத்துக்குத் தாங்கல் சட்டென்று போய்விடும். கல் மாதிரி விழும்.

பொன்னுலிங்கம் அந்த இடத்தில், பாதையோரமாக நின்று, சிவப்புத் துவர்த்தைக் கையில் தூக்கிப் பிடிப்பார். ஷெட்டில் வயர்லெஸ் பார்க்கும் கோலப்பன் தொலைநோக்கியில் அந்தத் துண்டைப் பார்ப்பார். பறந்தால் இறங்கச் சொல்வார். தொங்கினால் இன்னொரு சுற்று. ஆறு வருடத்தில் ஒரு சக்கரம்கூட உடையவில்லை.

2011இல் பொன்னுலிங்கத்தின் மகள் நந்தனா அங்கே காற்றுமானி நிறுவிக் கொடுத்தாள். பெங்களூரில் கருவிப் பொறியாளர். அப்பா வெயிலில் நிற்க வேண்டாமே என்று நினைத்தாள். கேபிள் எட்டியது ஷெட் வரைக்கும்தான். கம்பத்தை அங்கேயே நட்டாள். ‘முனையில் ஆள் தேவையில்லை’ என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

“ஒனக்க மிஷினுக்கு மேலு புல்லரிக்குமா, பிள்ள?” என்று பொன்னுலிங்கம் சிரித்தார்.

“நம்பர் கரெக்டா சொல்லும்பா.”

“அது நிக்க இடத்துக் காத்தைத்தானே சொல்லும்?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள்.

பள்ளி அவரை நிறுத்திவிட்டது. அவர் முனைக்குப் போவதை நிறுத்தவில்லை. அடுத்த ஆடியில் ஒரு காலை, அங்கேயே உட்கார்ந்த வாக்கில் இறந்திருந்தார். பத்தடி தள்ளி மண் பறந்துகொண்டிருந்ததாம். அவர் தோளில் கிடந்த துவர்த்தின் நூல்கூட ஆடவில்லை என்றார்கள், தூக்கப் போனவர்கள்.

பதினாறு கழிந்த மறுநாள் அவருடைய சாமான்களை எடுக்க நந்தனா ஷெட்டுக்கு வந்தாள். கோலப்பன் ஒரு தூக்குச்சட்டியையும் துவர்த்தையும் கொடுத்தார்.

“அந்தப் பக்கம் போவாத மக்ளே. நான் இப்பம் போறதில்ல.”

“ஏன் மாமா?”

“காத்து நிக்கும்போ அங்க ஆளு இருக்க மாதிரி இருக்கு.”

அவள் போனாள். காலை பத்தரை மணி. காற்று காதில் அறைந்துகொண்டே வந்தது. ஒரு அடி எடுத்து வைத்தாள், நின்றுவிட்டது. மூச்சுச் சத்தம் கேட்டது. தன்னுடையதுதான் என்று நினைத்து மூச்சை அடக்கினாள். சத்தம் நிற்கவில்லை.

இடப்பக்கம், தோள் உயரத்தில். ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் மெல்லிய இழுப்பு. அந்த இழுப்புக்கு அவள்தான் மாதாமாதம் மருந்து வாங்கி அனுப்பினாள். திரும்பிப் பார்த்தாள். புல் மட்டும் இருந்தது.

அப்போது பனைகளுக்கு மேலே எஞ்சின் சத்தம். பயிற்சிக்கு வந்திருந்த லிஜா தனியாக இறங்க வருகிறாள். கோலப்பனின் மேசையில் காற்றுமானி ‘எதிர்க்காற்று, வேகம் பதினெட்டு நாட்’ என்று காட்டும். ஷெட்டுக்கு அது சரி.

நந்தனா துவர்த்தைத் தூக்கினாள். அது செத்த கோழியாய்த் தொங்கியது. கோலப்பன் இப்போதெல்லாம் இந்தப் பக்கம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சக்கரங்கள் பனைக்குக் கீழே வந்துவிட்டன. ‘பாருங்க மாமா’ என்று கத்தினாள். எஞ்சின் உறுமியது; விமானம் அவள் தலைக்கு மேலே ஏறிப் போனது.

செல்போன் அடித்தது. கோலப்பன்.

“ஏ பிள்ள, நீயா நிக்க? நான் ஆளைப் பாக்கல்ல. துவர்த்து தொங்குச்சு, வாய் தானா ‘சுத்திட்டு வா’ன்னுட்டு. மிஷின் எறங்கலாம்னுல்லா சொல்லுது?”

“அதை அணைச்சிருங்க. அது நிக்க இடம் தப்பு. நான் வச்ச இடம் தப்பு.”

“அவகிட்ட எண்ணெ அரை மணிக்குத்தான் இருக்கு. பாத்துச் சொல்லு மக்ளே.”

போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். விமானம் குன்றைச் சுற்றியது. பக்கத்தில் மூச்சு, இழுப்பு, மூச்சு. காற்று வந்தால் லிஜா இறங்குவாள். காற்று வந்தால் இந்தச் சத்தம் கேட்காது. கை வலித்தது, இறக்கவில்லை.

இருபது நிமிடம் ஆனது. புல்நுனி ஒன்று நடுங்கியது. “கொஞ்சம் பொறுப்பா” என்றாள், இடப்பக்கமாக. யாரிடம் சொன்னாள், காற்றிடமா, அவரிடமா, அவளுக்கே தெரியவில்லை. முடி முகத்தில் விழுந்தது. துவர்த்து எழுந்து நேராக விறைத்தது.

“பறக்குது மாமா, எறங்கச் சொல்லுங்க.”

இரைச்சலில் அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.