'போதும்' என்று சொல்லாத அச்சகம்

எங்கள் சிவகாசி அச்சகத்தில் 'போதும்' என்று சொன்னால் வேலைச் சீட்டு கிழிந்துவிடும். முந்தின சீசன் படுத்துப்போனதற்கு அந்த வார்த்தைதான் காரணம் என்று யூடியூப்பில் ஒரு ஜோசியர் முதலாளிக்கு ஓதிவிட்டார். அன்றிலிருந்து டீ ஊற்றும்போதும் பேப்பர் இறக்கும்போதும் 'நிறையட்டும்' என்றுதான் சொல்ல வேண்டும். கூத்தைக் கேளுங்கள், டம்ளர் வழிந்து வேட்டி நனைந்தாலும் அதுதான் சட்டம். நான் அப்போது ஆப்செட் மெஷின் ஃபோர்மேன்.

சீசனின் முதல் மையை முதலாளி தன் கையால் கலப்பது வழக்கம். அந்த வருடம் முதல் ஆர்டர், ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியின் கிளி லேபிள். அது கைவிட்டுப் போனால் இரண்டாவது மெஷினை நிறுத்திவிட்டு, அதில் நிற்கிற ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கம்பெனிக்காரர் பழைய லேபிளோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

கிளிப்பச்சைக்கு மஞ்சள் மையில் நீலம் துளிதான் சேர வேண்டும். முதலாளி மைக் கத்தியின் நுனியில் எடுத்துப் போட்டுக் கிண்டினார். அருமையான பச்சை.

"எப்படிலே இருக்கு?"

"நிறையட்டும் அண்ணாச்சி" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

நிறைத்தார். பச்சை இருண்டது. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து இன்னும் அள்ளிப் போட்டார், மகராசன்.

கம்பெனிக்காரர் எழுந்துவிட்டார். "நான் கிளி கேட்டேன், நீங்க காக்கா குடுக்கீக. நான் வேற பிரஸ் பாத்துக்கிறேன்."

முதலாளி மறுபடி நீல டப்பாவில் கத்தியை விட்டார்.

"போதும்!" என்று கத்திவிட்டேன்.

"ஏலே, என்ன வார்த்த சொன்ன?"

"சீட்டக் கிழிங்க அண்ணாச்சி. முதல்ல அந்தக் கத்திய கீழ வைங்க!"

கத்தியைப் பிடுங்கி, இருந்த மஞ்சள் டப்பாக்களை எல்லாம் கொட்டிக் கலக்கினேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. கடைசியில் கிளி வந்தது. கம்பெனிக்காரர் பழைய லேபிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அடிங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மை மட்டும் ஒரு டிரம் சேர்ந்திருந்தது. முதலாளி பூரித்துப் போனார். "பாத்தியாலே? அந்த வார்த்தைய சொல்லாம இருந்ததுக்கே எம்புட்டு பெருகிருக்கு!" அந்தச் சந்தோஷத்தில் நான் கத்தியதையும் என் சீட்டையும் மறந்துவிட்டார்.

அந்த வருடம் கல்யாணப் பத்திரிகையிலிருந்து எல்லாமே கிளிப்பச்சையில்தான் அடித்தோம். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வாங்க வந்த ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "செத்தது எங்கப்பா அண்ணாச்சி, இங்கன கட்சி மீட்டிங்கா நடக்கு?" என்றார்.

மெஷினுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: மையை அள்ளிப் போட யாராலும் முடியும். போதும் என்று முதலாளி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் ஃபோர்மேன் வேலைக்கு வாருங்கள்.