முனிக்கு வாங்கிய தக்கைப் போத்தல்

அன்று முனியாண்டி மேடைக்கு முன்னால் இருந்தவர்கள் நான், என் மனைவி, அவளுடைய தம்பி, பூசாரி. அவ்வளவுதான். ஐந்தாவதாக யாரையாவது சொல்ல வேண்டுமென்றால், மாலை போட்டு வேலியோரம் நிறுத்தியிருந்த என் லோரியைச் சொல்லலாம்.

தோட்டத்திலிருந்து எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் வண்டி அது. பழையதாக வாங்கியது. இரண்டு மாதத்துக்கு முன் மனைவியை ஏற்றிக்கொண்டு சுங்கை புரோங்கில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது, வயலோரச் சாலையில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பாரிட் வாய்க்காலில் இறங்கி, சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. எங்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

வண்டியைத் தூக்கி, பிரேக் மாற்றி, ஆய்வுக்கும் அனுப்பி வாங்கியாயிற்று. ஓட்டத்தான் முடியவில்லை. ஏறி உட்கார்ந்தால் கால் பிரேக்கை விட்டு வர மறுக்கும். விழுந்த நேரத்தில் முனிக்கு ஒரு போத்தல் நேர்ந்தோமே, அதைக் கொடுக்காமல் ஓட்டினால் என்ன ஆகுமோ என்று நினைப்பு ஓடும். வேறு லோரி பார்த்துக்கொள்வதாகத் தோட்டத்து மேனேஜர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். இன்னொரு தரம் சொன்னால் வண்டியை விற்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்தில் முனிக்குப் பிராந்திதான். போத்தல் மூடியைத் திருகும்போது 'கடக்' என்று உடைய வேண்டும். சம்சு என்ற மலிவுச் சாராயம் ஓடிய காலத்தில் கடைக்காரன் எதை எதையோ ஊற்றி விற்றதால் வந்த வழக்கம் என்பார்கள். யாரும் கைவைக்காத சரக்கு என்பதற்கு அந்தச் சத்தம்தான் சாட்சி. யார் நேர்ந்தார்களோ அவர்களே கையால் உடைக்க வேண்டும்.

மனைவியின் தம்பி கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை செய்கிறான். பிராந்தி வாங்கி வரச் சொல்லி அவனிடம் எண்பது வெள்ளி கொடுத்திருந்தேன். அவன் கொண்டு வந்தது விஸ்கி. குட்டையான, தோள் அகன்ற போத்தல். நான் இடைநிலைப் பள்ளியை இரண்டாம் வருடமே விட்டவன். லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எத்தனை வருடம் பழையது என்று எங்கேயும் போடவில்லை. போலிச் சரக்கா என்று அவனைக் கேட்டேன்.

இப்போது அப்படித்தான் வருகிறது, வயதைப் போடாமல், என்றான். நாலைந்து வடிசாலைகளின் பார்லி மால்ட்டை மட்டும் சேர்த்துச் செய்ததாம். சோளம், கோதுமை விஸ்கி எதுவும் இதில் சேராதாம். விஸ்கி என்றாலே மிரளுகிறவர்கள்கூடக் குடிக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி மெதுவாகச் செய்கிறார்களாம். சோடா ஊற்றலாம், ஆரஞ்சுத் துண்டு போடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றான். தொண்டை எரியாதாம்.

எரியாவிட்டால் குடித்தது முனிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"இத்தன வருசமா அதே பிராந்தியதான் ஊத்துறீங்க மாமா. ஒரு நாளாச்சும் வேற என்ன வேணும்னு அவர கேட்டீங்களா?"

பூசாரி சிரித்துவிட்டார். வார நாட்களில் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிறவர். சாமி விஷயத்தில் கெடுபிடி இல்லாத மனிதர். சரி, தொற என்று போத்தலை என் கையில் கொடுத்தார்.

மேலே சுற்றியிருந்த தாளைக் கிழித்தேன். உள்ளே திருகு மூடி இல்லை. மரத் தலை வைத்த தக்கை. கை அப்படியே நின்றுவிட்டது. உடைய ஒன்றுமில்லாத போத்தலில் சத்தம் எங்கிருந்து வரும்?

"இதுல மூடி ஒடையாதுங்க," என்றேன் பூசாரியிடம். "கணக்குல சேருமா?"

அவர் போத்தலைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். அவருக்கும் இது புதிது. வேண்டாம், இன்னொரு நாள் பிராந்தி வாங்கி வந்து செய்துகொள்ளலாம் என்று நான் தாளை மறுபடி சுற்றத் தொடங்கினேன். இன்னொரு நாள் என்றால் இன்னும் ஒரு வாரம் வண்டி நிற்கும். எல்லாருக்கும் அது தெரியும்.

"குடுங்க இங்க," என்றாள் மனைவி. "நேந்தது நீங்க இல்ல, நான். நீங்க அம்மா அம்மான்னுதான் கத்திக்கிட்டு இருந்தீங்க."

பூசாரி அவள் பக்கம் திரும்பி, என்ன சொல்லி நேர்ந்தாய் என்று கேட்டார்.

"நல்ல சரக்கா ஒரு போத்தல் வாங்கித் தரேன்னேன். பேரெல்லாம் சொல்லல. எனக்கு என்ன பேரு தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். வண்டி சரியும்போது 'முனியாண்டி, ஒரு போத்தல்' என்று காதில் விழுந்தது நிஜம். இரண்டு மாதமாக அதை என் குரல் என்றே நினைத்திருக்கிறேன். பிராந்தி என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

இந்த மேடையில் பெண்கள் போத்தல் திறந்ததில்லை என்றார் பூசாரி. சொல்லிவிட்டு, ஆனால் நேர்ந்தவர்தானே திறக்க வேண்டும் என்று அவரே ஒதுங்கி நின்றார். அவள் போத்தலை இடுப்போடு அணைத்துப் பிடித்துத் தக்கையை இழுத்தாள். 'பொளக்' என்று வந்தது.

"கேட்டுட்டாரு லா," என்றார் பூசாரி.

கிளாசில் ஊற்றி, சுருட்டைப் பற்ற வைத்தார். எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தின் அடியில் வைத்தார். மனைவி லோரியில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கால் பிரேக்கை விட்டு வந்தது. பழங்கள் நசுங்கின. கம்போங் குவாந்தான் முச்சந்தி வரை போனோம். ஆற்றங்கரை மின்மினி பார்க்கப் போகும் சுற்றுலா வேன்கள் எங்களை முந்திக்கொண்டு போயின. நான் முப்பதுக்கு மேல் போகவில்லை.

வீட்டில் சாவியை ஆணியில் மாட்டிய பிறகுதான் மச்சான் எனக்கு ஒரு விரல் அளவு ஊற்றி, சோடா சேர்த்துக் கொடுத்தான். தேன் தடவிய ரொட்டி மாதிரி ஒரு வாசம். எரியவே இல்லை. பயந்துபோன ஆளுக்கென்றே செய்தது போல இருந்தது. மனைவியும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, இருமல் மருந்துக்கு இது தேவலாம் என்றாள்.

விலை இருநூற்றுப் பத்து என்று அப்போதுதான் சொன்னான். எழுந்து பர்ஸை எடுத்தேன்.

"இப்ப வேணாம் மாமா. எனக்கு தர வேண்டியது இருந்தா, பாத்து ஓட்டி ஒழுங்கா வீடு வந்து சேருவீங்க."

அவன் கேலியாகத்தான் சொன்னான். எனக்கு அது கேலியாகப் படவில்லை. அடுத்த நாளே குலை ஏற்றினேன், இன்றுவரை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மாதா மாதம் கையில் பணம் வரும்போது அவன் ஞாபகமும் வரும். கொடுத்துத் தீர்க்க மட்டும் மனம் துணியவில்லை. பாக்கி நூற்று முப்பது வெள்ளி.