தலைக்கு மேல் வளர்ந்த புல்

எனக்குப் பொறுமை கிடையாது. கப்பலுக்குக் காத்திருக்கும் பொறுமை சுத்தமாகக் கிடையாது. எங்கள் வீட்டில் இரண்டு மாடுகள். தவிடும் புண்ணாக்கும் மெயின்லேண்டிலிருந்து கடல் தாண்டி எங்கள் தீவுக்கு வந்தால்தான் அவற்றுக்குச் சாப்பாடு. கடல் கொந்தளித்தால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் பால் குறைந்துவிடும். என் வீட்டுக்காரருக்குக் கப்பல் வந்து நிற்கும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை. சாயங்காலம் வந்து, "இன்னைக்கும் வரல" என்பார். குரலில் ஒரு கவலை இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் சொல்லிவிட்டேன். "இனிமே என் மாடு புல்லைத் தின்னு கறக்கும். உங்க கப்பலை நீங்களே வெச்சுக்குங்க."

"கறந்தா சந்தோஷம். கறக்கலைன்னா தீபாவளிக்கு முன்னாடி சிவப்பு மாட்டைத் தீதிக்குக் கொடுத்திடுவேன்."

"சரி" என்றேன். சரி சொல்லிவிட்டு யோசிப்பதுதான் என் வழக்கம்.

தீதி என்றால் பக்கத்து வீட்டு வங்காளப் பெண். சிவப்பு மாடு கன்று போட்ட நாளிலிருந்து அதன் மேல் அவளுக்குக் கண். எனக்கோ அந்த மாட்டைக் கொடுப்பதற்குப் பதில் வீட்டுக்காரரைக் கொடுத்துவிடலாம்.

மழை தொடங்கியதும் வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்க நேப்பியர் தீவனப் புல்லின் தண்டை நறுக்கிய கரணைகளை நட்டேன். இந்தத் தீவு மழையில் குச்சியை நட்டாலும் மரமாகும். புல் சரசரவென்று ஏறியது. குட்வில் எஸ்டேட் குடியிருப்பில் நான் பால் ஊற்றும் வீடுகளில் எல்லாம் பெருமை அடித்தேன். நாங்கள் இருக்கும் பத்துபஸ்திக்கு மேலே தாழப் பறந்து இறங்குகிற பிளேனிலிருந்து பார்த்தால் என் புல் தெரியும் என்றுகூடச் சொன்னேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"இடுப்பு உயரம் வந்திடுச்சே, வெட்டேன்" என்றார் அவர்.

"இன்னும் கொஞ்சம் வளரட்டும்."

உயரம் கூடினால் தீனி கூடும் என்பது என் கணக்கு. தலைக்கு மேல் போனது. அதற்குள் நின்று கையைத் தூக்கி போட்டோ எடுத்து ராமநாதபுரத்தில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். அங்கே சொட்டு மழை இல்லை. வயிறெரியட்டும் என்றுதான் அனுப்பினேன்.

பிறகு வெட்டிப் போட்டேன். மாடுகள் இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியிலேயே விட்டன. "திமிரு" என்று மாட்டைத் திட்டினேன். பால் குறைந்தது. இன்னும் திட்டினேன். இன்னும் குறைந்தது. குட்வில் எஸ்டேட்டில் ஒரு அம்மா, "அந்தப் புல்லு மாட்டுப் பால் நாளைக்காவது வருமா, இல்லை நான் பவுடரே கலக்கிக்கவா?" என்றார்.

வீட்டுக்காரர் தொட்டியிலிருந்து ஒரு தண்டை எடுத்துத் தூணில் தட்டிப் பார்த்தார். "தீபாவளிக்குப் பந்தல் போடக் கம்பு வாங்க வேண்டியதில்லை."

ஆத்திரத்தில் ஒரு தண்டைப் பிடுங்கி நானே கடித்தேன். பல்தான் வலித்தது. மென்றேன், மென்றேன், விழுங்க முடியவில்லை. அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அன்றைக்கே அரிவாளை எடுத்து, முற்றிக் கம்பாகிப்போன அவ்வளவையும் தரையோடு அறுத்தேன். மறுபடி தழையும் வரை பாக்குத் தோட்டங்களில் புகுந்து புல் அறுத்துச் சுமந்தேன். கால் முழுக்க அட்டைக்கடி. புதுப்புல் இடுப்பைத் தொட்டதும், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நினைப்பதற்குள் வெட்டிவிடுவேன். தினம் ஒரு பாத்தி. கடைசிப் பாத்தி முடியும்போது முதல் பாத்தி மறுபடி வளர்ந்திருக்கும். சரிவு அரைகுறையாக மொட்டை போட்ட தலை மாதிரி ஆனது. பால் மெல்ல மெல்ல ஏறியது. புண்ணாக்கு தின்ற காலத்து அளவு வரவில்லை, ஆனால் கப்பல் வரவில்லை என்று குறையவும் இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் தீதி புதுக் கயிற்றோடு வந்துவிட்டாள். நான் உட்கார்ந்து சிவப்பு மாட்டைக் கறந்தேன். வாளியில் நுரை விளிம்பு வரை வந்தது. வீட்டுக்காரர் வாளியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

"நல்ல கயிறு தீதி, எங்கே வாங்கினீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

தீதி சிரித்துவிட்டாள். அந்தக் கயிற்றில் ஒரு கட்டு புல் கரணை கட்டிக்கொண்டு போனாள்.

இப்போது அவள் புல் தலைக்கு மேல் நிற்கிறது. "வெட்டுங்க தீதி, இடுப்பளவிலேயே வெட்டணும்" என்று வேலி ஓரம் நின்று கத்தினேன்.

"தோடா அவுர் படா ஹோனே தோ" என்றாள். நான் சொன்ன அதே 'இன்னும் கொஞ்சம் வளரட்டும்'. அதோடு விடாமல் என்னையும் உள்ளே இழுத்துப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். அதில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பொறாமை என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.