ஆட்டுக்கு ஒரு சுவரொட்டி

"சுவரொட்டி நாலு கெடக்குங்க, எத்தன வேணும்?" என்று பிரிட்ஜைத் திறந்தார் புதுக்கோட்டைக் கறிக்கடைக்காரர். உறைந்து கிடந்த அந்த மண்ணீரல்களைப் பார்த்ததும் அரிமளத்துக் காதர் பாய் கண்முன் வந்து நின்றார்.

பாய் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு ஆடுதான் அறுப்பார். ஆட்டுக்கு ஒரு சுவரொட்டி. ரத்தம் ஊறும் என்பதால் அது தெருவில் யார் பிள்ளைத்தாய்ச்சியோ அவளுக்கு. வேறு யார் கேட்டாலும், "அதுக்கு ஆள் இருக்குங்க" என்பார். நான் சிறுமியாயிருந்த அந்த வருஷம் அந்த ஆள் என் அக்கா. தேக்கிலைப் பொட்டலத்தை வாராவாரம் நான்தான் வாங்கி வருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தேன்: "இனிமே சுவரொட்டி வேணாமாம் பாய்."

அக்காவுக்குக் கரு கலைந்திருந்தது. எனக்கு அது புரியாத வயது.

பாயின் கத்தி நின்றது. எனக்குப் பின்னால் முழுகாமலிருந்த டீச்சர் ஒருவர் நின்றார். "ஒங்களுக்கு அடுத்த வாரம் தாரேங்க டீச்சர்" என்றவர், பொட்டலத்தை என் கையில் வைத்து அழுத்தினார்.

"அக்காவுக்கு இப்பத்தான் வேணும், தாயி."

புதுக்கோட்டைக்காரர் யாருக்கு என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

"ஒண்ணு போதுங்க. எம் மகளுக்கு. புள்ள தங்கல."