காற்றின் மேல் போட்ட பழி

எங்கள் ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் காரணம் தூசுதான். இருமினால் தூசு, கண் சிவந்தால் தூசு, முடி கொட்டினாலும் தூசு. கோலார் தங்கச் சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும், மண்ணை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிவைத்த சயனைட் மேடுகள் அப்படியே நிற்கின்றன. ஆனி, ஆடியில் காற்று கிளம்பினால் அந்த மேட்டுப் புழுதி எழுந்து சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் கோரமண்டல் லைன் வீடுகள்மேல் இறங்கும். சோற்றில் விழும், காயப்போட்ட துணியில் ஒட்டும். என் அப்பா முப்பது வருஷம் பூமிக்கு அடியில் அந்த மண்ணைச் சுவாசித்து, நெஞ்சு இறுகிச் செத்தவர். அதனால் தூசு என்று யாராவது சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. சரி, சாக்குதான். என் மகளுக்கு வந்த தலைவலியை இரண்டு வருஷத்துக்கு மேல் தூசு என்றே நம்பிக்கொண்டிருந்தோம்.

முதல் தடவை வந்தபோது அவள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். எனக்கு வேலை பெங்களூருவில். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ரயிலைப் பிடித்தால், வீடு திரும்ப ராத்திரி எட்டாகும். என் வீட்டில் பகலில் நடப்பதெல்லாம் எனக்குப் போனில் வரும் செய்திதான். அன்றைக்கு மத்தியானம் என் கணவர் கூப்பிட்டார். அவர் பக்கத்து ஊரிகத்தில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"பாப்பாவ ஸ்கூல்லர்ந்து இட்டுகினு வந்துட்டேன். மூஞ்சி வெளுத்துப்போய் கீது. ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டா. தல ஒடையுதுன்றா."

"காத்து அடிக்குதா?" என்றுதான் நான் கேட்டேன்.

"அடிக்குது."

"அப்போ ஜன்னல சாத்துங்க."

தூசுக்கு லைன் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, போர்வையை நனைத்துப் பிழிந்து ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிவிடுவோம். அவர் அப்படியே செய்தார். பிள்ளை அந்த இருட்டில் இரண்டு மணி நேரம் தூங்கினாள். எழுந்து ரசம் சோறு கேட்டாள். அதோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அவளைத் தேற்றியது இருட்டும் சத்தமில்லாமையும் தூக்கமும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? செய்த வைத்தியம் சரி, சொன்ன காரணம் தப்பு. வைத்தியம் பலித்துவிட்டதால் காரணத்தை யாரும் சந்தேகப்படவில்லை. அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை வந்தது. காற்று அடிக்கிற நாளில் வந்தால் அன்றைய தூசு. அடிக்காத நாளில் வந்தால் நேற்றைய தூசு. நேற்றும் அடிக்கவில்லை என்றால் மெத்தையில் தங்கிய தூசு. மெத்தையை வெயிலில் போட்டு அடி அடி என்று அடித்தேன். என் கணவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். நன்றாக த்ரோபால் ஆடிக்கொண்டிருந்தவள், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படி.

ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சையில் கணக்குப் பேப்பரைப் பாதியில் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். எழுத்தெல்லாம் ஓரத்தில் மினுமினு என்று கலைகிறது என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பிலும் இப்படி எழுந்து வந்தால் என்ன செய்வது? பெங்களூருவில் இருக்கிற என் தங்கச்சியிடம் பேசினேன். "இங்க அனுப்புக்கா, இங்க இன்னா மேடா கீது, தூசா கீது" என்றாள். பெங்களூருவில் தூசு இல்லை என்று அவள் சொன்னாள், நானும் நம்பினேன். தினமும் அந்த ஊர் பஸ் புகையைத் தின்றுவிட்டு வருகிற நானே நம்பினேன். எங்கள் புத்தியில் தூசு என்றால் அது மேட்டிலிருந்து வருவது மட்டும்தான்.

அனுப்பும்போது மகள் அழவில்லை. அழுதிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா என்று இப்போது கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நிறுத்தியிருக்க மாட்டேன், திட்டியிருப்பேன்.

ஜூன் மாதம் அங்கே பள்ளியில் சேர்ந்தாள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் தங்கச்சி வீட்டுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு மாலை ரயிலைப் பிடிப்பேன். போனதும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"தலவலி வந்துச்சா?"

"இல்லம்மா."

"ஒரு வாட்டிகூட?"

"இல்லம்மா, நல்லாயிட்டேன்."

சொல்லும்போது என் முகத்தையே பார்ப்பாள். நான் சந்தோஷப்பட்டேன். "பாத்தியா, அந்தத் தூசுதான். இங்கயே இருந்து படி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். ரயிலில் பெண்கள் பெட்டியில் எல்லோரிடமும் என் கெட்டிக்காரத்தனத்தை அளந்தேன். பிள்ளையைப் பிரிந்திருப்பது கஷ்டம்தான், ஆனால் அதன் ஆரோக்கியம் முக்கியமில்லையா என்று பெரிய மனுஷி மாதிரி பேசினேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது தங்கச்சி கூப்பிட்டாள். மகள் குளியலறைத் தரையில் சுருண்டு படுத்திருக்கிறாள், லைட்டைப் போடாதே என்று கத்துகிறாள் என்றாள். போய்ப் பார்த்தேன். தங்கச்சி தலையணை உறையைத் திறந்து காட்டினாள். உள்ளே காலி மாத்திரை அட்டைகள்.

"வாரத்துல நாலு நாளு போட்டுகினு இருந்திருக்கா, அக்கா. மெடிக்கல்ல அவளே போய் வாங்கிகினு வந்திருக்கா."

அது என்ன மாத்திரை என்று நான் படித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் கைப்பையில் எப்போதும் கிடக்கிற அதே மாத்திரை. பெயரை அவள் அங்கேதான் படித்திருக்கிறாள்.

மறுநாள் ஊருக்குக் கூட்டிவந்து, அதற்கு அடுத்த நாள் நான், கணவர், அவள் மூன்று பேரும் கோலாருக்குப் போய் ஒரு குழந்தை டாக்டரைப் பார்த்தோம். அந்த அம்மாவுக்குத் தமிழ் புரியும், ஆனால் கன்னடத்தில் கேட்டார், மகள் கன்னடத்தில் சொன்னாள். நான் உள்ளே போனதும் சயனைட் மேடு, காற்று, ஜன்னல் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவளே சொல்லட்டும் என்றார். வலி எப்படி இருக்கும், எங்கே இருக்கும், வருவதற்கு முன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

மகள் சொல்லிக்கொண்டே போனாள். முதலில் கொட்டாவி கொட்டாவியாக வரும். கண் ஓரத்தில் வெளிச்சம் கோணல்மாணலாக ஓடும். அப்புறம் நெற்றிப் பக்கத்தில் விண் விண் என்று தெறிக்கும். மாடிப்படி ஏறினால் கூடும். தாளிக்கிற வாசனை வந்தால் குமட்டும். மாதவிலக்குக்கு முந்தின நாள் கட்டாயம் வரும். காலையில் வெறும் டீயோடு போகிற நாளிலும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கி எழுந்தாலும் வரும்.

இவ்வளவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பெற்றவள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாளில் அவளிடம் வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. காற்று அடித்ததா என்று மட்டும்தான் கேட்டேன்.

டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். இது மைக்ரேன் என்றார். தூசு மூக்குக்கும் நெஞ்சுக்கும் கெடுதல்தான், ஆனால் இவளுக்கு வருவது அதனால் இல்லை என்றார். சின்ன வயதில் பஸ்ஸில் வாந்தி எடுப்பாளா என்று கேட்டார். பங்காருபேட்டை போய்ச் சேர்வதற்குள் மூன்று பிளாஸ்டிக் பை வேண்டும் என்றேன். வீட்டில் வேறு யாருக்காவது தலைவலி உண்டா என்றார். இல்லை என்றேன்.

"இவங்களுக்குக் கீது மேடம்," என்றார் என் கணவர். "ஞாயித்துக்கெழம ஆனா தலைல துண்டு கட்டிகினு படுத்துடுவாங்க. நாங்க டிவி சத்தத்த கொறச்சிடுவோம்."

"அது ரயில் தலவலிங்க," என்றேன்.

எங்கள் பெட்டியில் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்வோம். ஒருத்தி கடலை மிட்டாய் நீட்டுவாள், இன்னொருத்தி மாத்திரை நீட்டுவாள். டாக்டர் சிரிக்கவில்லை. எத்தனை வயதிலிருந்து என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், நான் ரயிலேறத் தொடங்குவதற்கு வெகு முன்பே, பள்ளிக்கூடத்திலேயே வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பழமொழி சொல்கிறார்கள். எனக்கும் வந்தது. எனக்குத் தெரியவில்லையே.

டாக்டர் சொன்ன பத்தியங்கள் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பாடு, முக்கியமாகக் காலையில். தண்ணீர் நிறைய. லீவு நாள், பள்ளி நாள் எல்லாம் ஒரே நேரத்தில் தூங்கி, ஒரே நேரத்தில் எழ வேண்டும். வந்த நாளை ஒரு நோட்டில் எழுத வேண்டும். விளையாட்டை நிறுத்தவே கூடாது. மாத்திரையை வலி ஆரம்பித்த உடனே போட வேண்டும், தள்ளிப்போட்டால் கேட்காது. ஆனால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போடக் கூடாது, போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். திடீரென்று புதுவிதமாக வலித்தாலோ, காய்ச்சலோடு வந்தாலோ, கை கால் மரத்தாலோ உடனே வா என்றார். இதைக் கேட்க நாங்கள் இரண்டு வருஷம் சுற்றியிருக்கிறோம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. களைத்துப்போனால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"வாராவாரம் வந்து வந்து கேட்டனே, இல்ல இல்லன்னு ஏன்டி சொன்ன?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லாயிட்டன்னு சொன்னா, சரி வான்னு வீட்டுக்கு இட்டுகினு பூடுவன்னு நெனச்சேன். நீ இன்னான்னா, பாத்தியா, இங்கயே இருன்ட்ட."

என் கணவர் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வலியை மறைத்து அவள் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அந்த வழியை அடைத்துவிட்டு ரயிலேறியிருக்கிறேன். ராபர்ட்சன்பேட்டை வரும்வரை அழுதேன். பஸ்ஸில் நாலு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

இரண்டு நாள் லீவு போட்டு அலைந்து அவளைப் பழைய பள்ளியிலேயே திரும்பச் சேர்த்தேன். பத்தாம் வகுப்புப் பொதுப்பரீட்சைக்குப் பேர் அனுப்பும் வேலை அப்போது இன்னும் முடியவில்லை, பிழைத்தோம். தலை வலித்தாலும் வலிக்காவிட்டாலும் நீ இந்த வீட்டில்தான் இருப்பாய் என்று அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

தலைவலி இன்னும் போகவில்லை. மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. நோட்டில் எழுதுகிறோம். நான் நாலு மணிக்குக் கிளம்பும்போது அவள் எழாமல் இருக்க, பாத்திரத்தை ராத்திரியே எடுத்து வைத்துவிடுகிறேன். இட்லி செய்து வைத்துவிட்டுப் போகிறேன், அவர் அவளைச் சாப்பிட வைத்து அனுப்புகிறார். த்ரோபால் மறுபடி ஆடுகிறாள். என் தலைக்கும் ஒரு நோட்டுப் போடச் சொன்னார் டாக்டர். அதற்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

ஒன்றைத்தான் என்னால் சரிசெய்ய முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முகத்தைப் பார்த்தே எனக்கு இப்போது தெரிந்துவிடுகிறது. உதடு வெளுக்கும், கொட்டாவி வரும். வருதா என்று கேட்டால், முதலில் இல்லம்மா என்றுதான் சொல்கிறாள். மறுபடி கேட்டாலும் இல்லை. அரைமணி கழித்து, தாங்க முடியாமல் போன பிறகுதான் வந்து நிற்கிறாள். மாத்திரை பலிக்கக்கூடிய அரைமணி அது. அதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது தூசு இல்லை, நான்.