மொட்டை மாடியில் கரி ரயில்

என் வீட்டுக்காரருக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. கேட்பதற்கு நல்ல குணம் மாதிரி இருக்கும். கூடக் குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும்.

பாலிடெக்னிக்கில் லேத் வேலை சொல்லிக்கொடுத்து ரிட்டயரானவர். சாந்தோமில் எங்கள் ஃபிளாட்டின் பால்கனியைப் பட்டறையாக்கி, நீராவி இஞ்சின் செய்ய உட்கார்ந்துவிட்டார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் சுரங்க வாசலிலிருந்து நிலக்கரி இழுத்த ஆதி இஞ்சின் ஒன்றின் சின்ன உருவம். வழவழப்பான சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் பாரம் இழுக்காது, வழுக்கிவிடும் என்று அந்தக் காலத்தில் பயந்தார்களாம். அதனால் பக்கத்தில் ஒரு பல் சக்கரம். அது பிடித்து ஏறத் தண்டவாளத்திலும் பல். அந்தப் பற்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவினார். மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் வேறு சத்தமே கிடையாது.

எல்லாம் அவருடைய அண்ணனுக்காக. எனக்கு அவர் அத்தான். அத்தான் வாலிபத்தில் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில், கரி வண்டிகளை இழுக்கும் குட்டி இஞ்சினில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர். இப்போது அசோக் நகரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். நான் பட்டினப்பாக்கம் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிவந்த வஞ்சிரத்தை விட்டுவிட்டு நேரே பால்கனிக்குப் போவார்.

"இன்னாடா, இன்னிக்காவது ஓடுமா?"

"இன்னும் கொஞ்சம் வேலை கீதுண்ணே."

அத்தானுக்குக் கண்ணில் அழுத்த நோய். ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கண்ணு தெரியும்போதே ஒரு தபா ஓட்டிக் காட்டிடுடா" என்று வாய்விட்டுக் கேட்டார் அந்த மனுஷன்.

இஞ்சின் அப்போதே ஓடியிருக்கும். அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல். பாய்லர் தயார், பிஸ்டன் தயார். இவருக்கோ பெயின்ட் பிடிக்கவில்லை. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். கரி வண்டிகளில் ஆணித் தலை பெரிதாகத் தெரிகிறதாம். எல்லாவற்றையும் பிடுங்கி வேறு வைத்தார்.

"அவரு ஆணியையா பாக்கப் போறாரு? வண்டி ஓடுனா போதும்னுதானே கேக்குறாரு!" என்று கத்தினேன்.

"எங்க அண்ணனுக்கு அரைகுறையா காட்டச் சொல்றியா?" என்றார்.

அண்ணன்மேல் உயிர் அவருக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மழைக்காலம் முடிந்தது, கிறிஸ்துமஸ் போனது, தவக்காலமும் வந்தது. அத்தான் தனியாக வருவதை நிறுத்தினார். மகள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். மீனில் முள்ளை அவளே எடுத்துத் தட்டில் வைத்தாள். வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றார் அத்தான், சாப்பாட்டுக்கு நடுவில், சாதாரணமாக. அன்றைக்குத்தான் இவர் அரத்தைக் கீழே வைத்தார்.

அடுத்த ஞாயிறு மொட்டை மாடியில் தண்டவாளத்தைப் பூட்டினோம். வண்டிகளில் கரித் துண்டுகளை நிரப்பினோம். அத்தானை நாற்காலியில் உட்காரவைத்து, இவர் அடுப்பைப் பற்றவைத்தார். கரிப் புகை வந்ததும் அத்தான் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நீராவி ஏறி, வால்வு உஸ்ஸென்று சீறியது. இவர் நெம்புகோலில் கை வைத்தார்.

"அட, கெளம்பிடுச்சு!" என்றார் அத்தான். கழுத்தை நீட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "இன்னா அழகா ஓடுது பாரு! தெரியுதுடா. நல்லா தெரியுது."

வண்டி நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"ஆமாண்ணே, ஓடுது" என்றார். அதற்குப் பிறகுதான் நெம்புகோலைத் திருப்பினார்.